முதல் ஆறு ஆட்டங்களின் கடன்

லீக் தொடங்கிய முதல் மாதத்தில் தோற்கும் எந்த அணிக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும்: இப்போதுதானே ஆரம்பம். பயிற்சியாளர் அதைச் சொல்வார், கிளப் நிர்வாகி சொல்வார், தொலைக்காட்சியில் கருத்துச் சொல்ல வரும் முன்னாள் ஆட்டக்காரரும் சொல்வார். ஏற்க மறுப்பவர் ஒருவர்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கேலரியில் உட்கார்ந்து, தொண்டை கட்டி வீடு திரும்பும் ரசிகர். அவருக்குப் பொறுமை கிடையாது, உணர்ச்சிவசப்படுகிறார், ஆட்ட நுணுக்கம் தெரியாது என்பது அவரைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி 2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தைத் தொடங்கிய விதத்தையும் முடித்த விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆரம்பம் இப்படி: 2024 செப்டம்பர் 14 அன்று பெங்களூரில் 0-1 தோல்வி. 22ஆம் தேதி கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-2. 27ஆம் தேதி சொந்த ஊரில், சால்ட் லேக் மைதானத்தில், எஃப்.சி. கோவாவிடம் 2-3. அக்டோபரில் ஜாம்ஷெட்பூரிடம் 0-2. பரம வைரியான மோகன் பகானிடம் 0-2. ஒடிஷாவிடம் 1-2. ஆறு ஆட்டங்கள், ஆறு தோல்விகள். போட்டது 4 கோல், வாங்கியது 12. புள்ளிப் பட்டியலில் பூஜ்யம்.

பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு மட்டமான அணி. ஆட்டத்தைப் பார்த்த ரசிகரின் வேதனை வேறு மாதிரியானது. ஆறில் நான்கு தோல்விகள் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. கொச்சியில் முதல் கோலை அடித்ததே ஈஸ்ட் பெங்கால்தான்; அடித்தவர் இளம் வீரர் விஷ்ணு. கையிலிருந்த ஆட்டத்தை முதலில் சமனாக்கக் கொடுத்து, கடைசி நிமிடங்களில் மொத்தமாகவும் கொடுத்துவிட்டு வந்தார்கள். கோவாவுக்காக மூன்று கோலையும் அடித்த போர்ஹா ஹெரேரா, முந்தைய பருவத்தின் முதல் பாதியில் இதே ஈஸ்ட் பெங்காலின் சட்டையைப் போட்டு ஆடியவர். விட்டுக்கொடுத்த ஆள் திரும்பி வந்து, நம் மைதானத்திலேயே மூன்று முறை வலையை அசைத்தால் எந்த ரசிகரால் 'ஆரம்பம்தானே' என்று எழுந்து போக முடியும்?

இந்த ரசிகர் யார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1920இல் தொடங்கிய கிளப் இது. கிழக்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் அணியாகப் பிறந்து, 1947க்குப் பிறகு வீடு வாசல் இழந்து அகதிகளாக வந்தவர்களின் அணியாக வளர்ந்தது. புது ஊரில் தலைநிமிர்ந்து நிற்க அவர்களுக்குக் கிடைத்த சில இடங்களில் கால்பந்து மைதானமும் ஒன்று. சிவப்பும் பொன் மஞ்சளும் அவர்களது நிறம், தீப்பந்தம் சின்னம். அணி வென்றால் வீட்டில் ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் எதிர் வீட்டில் இறால். இதில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1949 முதல் சில ஆண்டுகள் இந்த அணியின் முன்வரிசையில் ஆடி, 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகளால் கொண்டாடப்பட்ட வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவருமே தெற்கிலிருந்து போனவர்கள். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற அணியின் பலம் அவர்கள்.

இப்படிப்பட்ட ரசிகருக்குப் பொறுமை கிடையாது என்பது உண்மைக்குப் புறம்பானது. ஐ.எஸ்.எல்.லில் ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தது 2020இல். நுழைவு உறுதியானது செப்டம்பர் கடைசியில், போட்டி தொடங்கியது நவம்பரில். அவசரத்தில் சேர்த்த அணிக்கு முதல் வெற்றி எட்டாவது ஆட்டத்தில்தான் கிடைத்தது. 2021இல் முதலீட்டாளரோடு ஒப்பந்தத் தகராறு. ஆகஸ்ட் கடைசியில் முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்ட பிறகே அணி களமிறங்குவது உறுதியானது. அந்தப் பருவத்தில் முதல் வெற்றி பன்னிரண்டாவது ஆட்டத்தில், 2022 ஜனவரியில். இறுதியில் கடைசி இடம். 2022இல் புது முதலீட்டாளரான இமாமியோடு ஒப்பந்தம் கையெழுத்தானதே ஆகஸ்டில். மூன்று ஆண்டும் ரசிகர் பொறுத்துக்கொண்டார். பெண் பார்த்த மறுநாளே கல்யாணம் வைத்தால் பந்தியில் உப்பு குறையத்தான் செய்யும் என்பது அவருக்கும் தெரியும்.

2024 அப்படிப்பட்ட ஆண்டு அல்ல. ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிஷாவை 3-2 என்று வென்று கலிங்கா சூப்பர் கோப்பையைக் கொண்டுவந்திருந்தார்கள். 2012க்குப் பிறகு கிளப்புக்குக் கிடைத்த முதல் தேசியக் கோப்பை. பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் இரண்டாவது ஆண்டாகத் தொடர்ந்தார். முந்தைய ஐ.எஸ்.எல்.லில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்ற கிரேக்க வீரர் டிமிட்ரியோஸ் டயமான்டகோஸ் கேரளாவிலிருந்து வந்தார். பஞ்சாப் அணியில் மற்றவர்களுக்குக் கோல் வாய்ப்புகளை அமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர் மதி தலால் வந்தார். தற்காப்பில் அன்வர் அலி, நடுக்களத்தில் ஜீக்சன் சிங். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த தமிழ்நாட்டின் நந்தகுமார் சேகர் ஏற்கெனவே அணியில் இருந்தார். பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், அவகாசமும் இருந்தது. சாக்குதான் இல்லை.

எச்சரிக்கை மணி ஆகஸ்டிலேயே அடித்திருந்தது. 14ஆம் தேதி ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசீரிடம் சொந்த மைதானத்தில் 2-3 தோல்வி. ஒரு வாரம் கழித்து டூரண்ட் காலிறுதியில் ஷில்லாங் லஜோங்கிடம் 1-2. இடையில் 18ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான் ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே தெருவில் இருந்த நேரம். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ரசிகர்கள் தத்தம் கொடிகளோடு சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டு நியாயம் கேட்டார்கள். போலீஸ் தடியடியும் நடந்தது. நூறாண்டுப் பகையை ஒரு மாலைக்கு ஒதுக்கிவைக்கத் தெரிந்தவர்களை, வெறும் உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் என்று தள்ளிவிட முடியாது.

மூன்று தோல்விகளுக்குப் பிறகு, செப்டம்பர் 30 அன்று குவாத்ராத் விலகினார். இளையோரைக் கவனித்துவந்த பினோ ஜார்ஜ் இடைக்காலப் பொறுப்பேற்றார். பிறகு, வங்கதேசத்தில் பசுந்தரா கிங்ஸ் அணிக்குப் பல பட்டங்களை வாங்கித் தந்த ஆஸ்கர் புரூசோன் வந்தார். இந்த இடத்தில் மட்டும் ரசிகரின் கணக்கிலும் ஒரு பிசகு உண்டு. பயிற்சியாளர் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆட்டங்களும் தோல்வியையே தந்தன. நோய் ஒரு ஆளிடம் மட்டும் இருக்கவில்லை. முன்வரிசைக்கு வாங்கிய அளவுக்குப் பின்வரிசையை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டத்துக்கு இரண்டு கோல் வீதம் வாங்கும் அணிக்கு, ஒரு கோல் அடிப்பவர் எத்தனை பேர் இருந்தாலும் போதாது.

மாற்றம் வந்தது எல்லைக்கு வெளியே. அக்டோபர் கடைசியில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் லீக்குக்காக பூட்டானுக்குப் போனார்கள். பாரோ அணியோடு 2-2 டிரா. பசுந்தரா கிங்ஸை 4-0 என்றும் லெபனானின் நெஜ்மேயை 3-2 என்றும் வென்று காலிறுதிக்குத் தகுதி பெற்றார்கள். ஊர் திரும்பியதும் நவம்பர் 9 அன்று முகமதன் ஸ்போர்ட்டிங்கோடு ஆட்டம். அரை மணி நேரம் முடிவதற்குள் நந்தகுமாரும் மகேஷ் சிங்கும் அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். மீதி ஒரு மணி நேரம் ஒன்பது பேரோடு சமாளித்து 0-0 என்று முடித்தார்கள். அந்தப் பருவத்தின் முதல் புள்ளி. 29ஆம் தேதி நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்றது முதல் வெற்றி. டிசம்பர் 7 அன்று சென்னையில் சென்னையின் எஃப்.சி.யை 2-0 என்று வென்றபோது, இது செப்டம்பரில் பார்த்த அதே அணிதானா என்று கேட்கத் தோன்றியது.

இனி கணக்குக்கு வரலாம். 2024-25 பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடிய ஆட்டங்கள் 24. வெற்றி 8, டிரா 4, தோல்வி 12. புள்ளிகள் 28. இடம் ஒன்பது. ஆறாவது இடம் வரை வந்த அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. ஆறாவதாக வந்த மும்பை சிட்டி எடுத்தது 36.

ஈஸ்ட் பெங்கால் எடுத்த 28 புள்ளிகளும் கடைசி 18 ஆட்டங்களில் வந்தவை. ஆட்டத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். இதே வீதத்தில் 24 ஆட்டங்களும் ஆடியிருந்தால் 37 புள்ளிகள் வந்திருக்கும். அதாவது, அக்டோபருக்குப் பிறகு ஆடிய ஈஸ்ட் பெங்கால் அடுத்த சுற்றுக்குப் போகும் தகுதி உள்ள அணி. அதை ஒன்பதாவது இடத்தில் உட்கார வைத்தது முதல் ஆறு ஆட்டங்களின் கடன். 'ஆரம்பம்தானே' என்று சொன்னவர்கள் மறந்தது இதைத்தான்: செப்டம்பரில் தோற்கும் புள்ளிக்கும் பிப்ரவரியில் தோற்கும் புள்ளிக்கும் ஒரே விலை. வித்தியாசம் ஒன்றுதான். பிப்ரவரியில் தோற்றால் எல்லோர் கண்ணிலும் படும். செப்டம்பரில் தோற்றது அந்த ரசிகரின் கண்ணில் மட்டும் பட்டது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. டிசம்பரில் தலாலுக்கு முழங்காலில் பலத்த அடி பட்டு, மீதிப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. பின்பாதியில் சில ஆட்டங்கள் கைநழுவியதற்கு அதுவும் காரணம். ஆனால் காயம் எல்லா அணிக்கும் வரும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் ஆரம்பத்திலேயே சேமித்து வைப்பது. கையிருப்பு பூஜ்யமாக இருக்கும் குடும்பத்தில் ஒருவர் படுத்தாலும் வீடு தடுமாறும். 2025 மார்ச்சில் துர்க்மெனிஸ்தானின் அர்கதாகிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று ஆசியப் போட்டியிலிருந்தும் வெளியேறினார்கள். ஐ.எஸ்.எல்.லில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளில் அணி பிடித்த இடங்கள்: 9, 11, 9, 9, 9. எதிர் வீட்டுக்காரரான மோகன் பகானோ அந்த ஆண்டு லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்று இறால் வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு ரசிகருக்கு இதைவிடப் பெரிய சோதனை காத்திருந்தது. 2025 செப்டம்பரில் நல்ல ஆரம்பமும் இல்லை, கெட்ட ஆரம்பமும் இல்லை. ஐ.எஸ்.எல். தொடங்கவே இல்லை. போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டாததால் ஜூலையிலேயே போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் 2026 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது: பிப்ரவரி 14 முதல், 14 அணிகளோடு, 91 ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் 13 மட்டும்.

தொடக்க ஆட்டங்களை அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் நிர்வாகிகள் யோசிக்க வேண்டிய எண் இது. 24இல் ஆறு என்பது கால்வாசி. 13இல் ஆறு என்பது ஏறக்குறையப் பாதி. இவ்வளவு சிறிய பருவத்தில் 'இப்போதுதானே ஆரம்பம்' என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் முடிவு வந்து நிற்கும். நாலு ஆட்டம் முடிந்ததும் கேலரியிலிருந்து கேட்கும் கூச்சலில் வசவுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் சரியான கணக்காக இருக்கிறது. கணக்கு வழக்கு பார்க்கத் தனியாக ஆள் வைத்திருக்கும் கிளப்புகள், சம்பளம் வாங்காமல் அதைப் போட்டுத்தரும் இந்த மனிதரையும் ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம்.