திரும்பிய பணமும் திரும்பாத கேள்வியும்

குறுங்கடன் நிறுவனத்தின் திறனை அளக்கப் பெரிதும் கையாளப்படுவது ஒரே கோல்: கொடுத்ததில் எத்தனை விழுக்காடு திரும்பியது? நிறுவனம் நிலைக்க அக்கணக்குத் தேவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆயின், பூ விற்ற இலாபத்தில் கட்டிய ரூபாயும், தோட்டை அடகு வைத்துக் கட்டிய ரூபாயும் பேரேட்டில் ஒன்றே.

ஆந்திரத்தில் தவணைகள் ஏறத்தாழ முழுமையாக வசூலாயின, முதலீட்டாளர் மகிழ்ந்தனர். ஒரு கடனை அடைக்க மறுகடன் எனப் பெண்கள் சுழன்றமை, 2010இல் தற்கொலைச் செய்திகள் வந்த பின்னர்ப் பெரிதும் பேசப்பட்டது. அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

நந்தனத்திற்கு அண்மையில், மயிலாப்பூரில் வேறொரு வரலாறு உண்டு. 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' முதலில் சிறு வணிகப் பெண்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தந்தது. வங்கியின் படிவங்களும் தாமதமும் அவர்தம் பிழைப்புக்கு ஒவ்வாமை கண்டு, 1981இல் தனிக் கூட்டுறவுச் சங்கமே கண்டது. கடன் பெறுவோரே அதன் உறுப்பினர். தவணை தவறியவளின் வீட்டில் நோயா, வேறு இடரா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி அறிவாள், தணிக்கையாளர் அறியார்.

நம் மஹல்லாக்களின் பைத்துல்மால்களுக்கும் இது பொருந்தும். வட்டியில்லாக் கடன் என்பதாலேயே கணக்கு வேண்டாம் என்றாகாது. இயலாத கடனாளிக்கு அவகாசம் தரப் பணிக்கிறது திருமறை (2:280); வங்கிக் கணக்கிலோ அத்தாமதம் குறையாகவே பதிவாகும். ஆகவே ஆண்டுக் கூட்டத்தில் ஜமாஅத்துப் பெரியோர் இரண்டு எண்களை வாசிக்கட்டும்: திரும்பிய தொகை எவ்வளவு, கந்துவட்டிக்காரரிடம் மீண்டும் செல்லாத குடும்பங்கள் எத்தனை.