முட்டை ஏற்றிய வண்டியும் ஜல்லி ஏற்றிய வண்டியும்

போன மாதம் என் தங்கை மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "மாமா, நாமக்கல்லுல ஒரு பிக்கப் விலைக்கு வருது. 2014 மாடல். மூணே கால் லட்சம் சொல்றாங்க. ஆனா ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. எடுக்கலாமா, வேண்டாமா?" என்றான். கையில் இருப்பது போதாமல் அவன் அம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் வாங்குவதாக ஏற்பாடு. நகை என் தங்கையுடையது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட முடியவில்லை.

செம்மேட்டில் அவன் கேட்டவர்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம்: "ரெண்டு லட்சம் தாண்டின வண்டியா? வேண்டாம்ப்பா." நான் அந்தக் கட்சி இல்லை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பல வருடம் பேருந்து ஓட்டியவன் நான். ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பேருந்து அலுங்காமல் மலை ஏறியதையும் பார்த்திருக்கிறேன். புது வண்டி பாதி மலையில் பிரேக் காய்ந்து புகைந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எங்கே ஓடியது, எதை ஏற்றி ஓடியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இருவரும் நாமக்கல் போய் இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். முதலாவது அவன் சொன்ன வண்டி. முட்டை ஏற்றி ஓடியது. நம் மாவட்டத்தில் முட்டை வண்டி ஓட்டுபவர் எப்படி ஓட்டுவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் விட மாட்டார், சடாரென்று பிரேக் மிதிக்க மாட்டார். ஓடியது பெரும்பாலும் நெடுஞ்சாலை. ஆயில் மாற்றிய பில்களை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார்கள். பில்லுக்குப் பில் கிலோமீட்டர் கணக்கு ஒழுங்காக ஏறியிருந்தது.

இரண்டாவது வண்டியின் மீட்டரில் 96,000தான். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பையனுக்கு அதன்மேல்தான் கண். கிளட்ச் பெடல் ரப்பரைப் பார்த்தேன், தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. குனிந்து அடியில் பார்த்தால், சேஸில் பின் ஸ்பிரிங் பட்டை தாங்கும் இடத்தில் வெல்டிங் வைத்து மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. விசாரித்ததில் ஜல்லியும் எம்.சாண்டும் அடித்த வண்டி என்று தெரிந்தது. மீட்டரைத் திருத்துவது இப்போது பெரிய வேலையே இல்லை. தேய்ந்த பெடலும் வெல்டிங் வைத்த சேஸும் மீட்டர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

அதனால், வயதான வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நின்றபாடில்லாமல் வந்தால் ஆயிலை எரிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஏழெட்டு வருட டயர் நம் வளைவுகளுக்கு ஆகாது.

இதெல்லாம் சமவெளிக்கும் பொருந்தும். நமக்கென்று தனியாக ஒன்று உண்டு. ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கம் அப்படியல்ல. ஆயிரம் மீட்டருக்கு மேலிருந்து பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம்மும் லைனரும் காய்ந்து பிடிப்பு குறைந்துவிடும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூடேறினால் அது கொதித்து, பெடல் காற்றை மிதித்தது போல உள்ளே போகும். அதனால்தான் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறக்க வேண்டும் என்பது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவன் கையில் எந்த வண்டியும் நல்ல வண்டி இல்லை.

ஆகவே முட்டை வண்டியை எடுத்துக்கொண்டு காரவள்ளி வந்து, கொஞ்சம் பாரம் ஏற்றி, இருபதாவது வளைவு வரை ஏறி, திரும்ப இறங்கிப் பார்த்தோம். இன்ஜின் சுத்தம். கிளட்ச் மட்டும் ஏற்றத்தில் லேசாக நழுவியது. கீழே வந்ததும் பின் வலது சக்கரத்தில் மட்டும் சூடு அதிகம். இரண்டும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

அப்புறம் வண்டியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தோம். இப்போது ஒரு நடைக்கு அவன் கொடுக்கும் வாடகை 3,200 ரூபாய். சொந்த வண்டி என்றால் டீசல் 1,200. மிச்சம் 2,000. வருடத்துக்கு அவன் சொந்தச் சரக்கு 45 நடை, அதாவது 90,000. செலவு? இன்சூரன்ஸ் ஏறக்குறைய 20,000. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம், அதற்கான கட்டணம், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 15,000. டயர், ஆயில், பிரேக் வேலை 35,000. மீதி 20,000. அது நகைக்கடன் வட்டிக்குச் சரியாகப் போய்விடும். நகை அடகுக் கடையிலேயே இருக்கும்.

பையன் முகம் வாடிப்போனது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன் சரக்கை மட்டும் நம்பி எடுக்காதே. அக்கம்பக்கத்தில் யார் யார் எத்தனை நடை உறுதியாகத் தருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றேன். மிளகு, காபிக்கு வருடத்தில் ஒரு பருவம்தான். வாழையும் பலாவும் அன்னாசியும்தான் நடை கொடுக்கும். ஒரு வாரம் அலைந்து நான்கு வீடுகளில் பேசி வந்தான். வருடத்துக்கு இன்னும் 40 நடை தேறியது. அந்தக் கணக்கு நிற்கிறது.

அதன்மேல் நான் மூன்று நிபந்தனை வைத்தேன். ஒன்று, விலையில் குறைத்து வாங்கும் பணத்தோடு கையிலிருந்தும் போட்டு 50,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, கிளட்ச், நான்கு சக்கர பிரேக், பிரேக் ஆயில் முடித்த பிறகே லோடு ஏற்ற வேண்டும். இரண்டு, காகிதம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீங்கியிருக்க வேண்டும், பெயர் மாற்றம் உடனே நடக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். லைசன்ஸ் பற்றி அவனுக்குப் பயம் இருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

மூன்றாவதுதான் கடினமானது: ஆள் ஏற்றக் கூடாது. வண்டி வாங்கிய மறுவாரமே கேட்பார்கள். காதுகுத்து, கெடா வெட்டு, ஆடிப் பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயில் என்று பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். மாமன் மச்சானிடம் முடியாது என்று சொல்வது லேசல்ல. ஆனால் சரக்கு வண்டியில் ஏறியவருக்கு ஒன்று ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. வீடும் காடும்தான் பதில் சொல்ல வேண்டும். "சொந்தக்காரன் கோபம் ஒரு மாதம்தான் இருக்கும்" என்றேன்.

வண்டி 2,85,000 ரூபாய்க்கு முடிந்தது. இப்போது நாமக்கல்லில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பிரேக் வேலை முடிந்ததும் முதல் லோடு இறங்கும் நாளில், பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து போவதாக இருக்கிறேன். தங்கை அதைக் கேட்ட பிறகுதான் நகையைக் கழற்றிக் கொடுத்தாள்.