கிணறுகளை எண்ணியவர்கள்

அயல்நாட்டு உதவித் திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்னும் வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. பணம் போதவில்லை என்பது ஒன்று. வந்த பணத்தை இடையிலிருந்தோர் தின்றுவிட்டனர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் சோம்பல் விடைகளே. பணமும் வந்து, நல்லெண்ணமும் குறையாதிருந்து, வேலையும் குறித்தவாறே முடிந்த பின்னரும் மக்களுக்குக் கேடு விளைந்ததே, அதற்கு இவர்கள் என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970களில் அந்நாட்டுச் சிற்றூர்களில் குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்துகொண்டிருந்தனர். யுனிசெப் நிறுவனம் அரசோடு சேர்ந்து அடிகுழாய்க் கிணறுகளை அமைத்தது. மக்களும் விரும்பித் தம் செலவிலேயே இலட்சக்கணக்கில் அமைத்துக்கொண்டனர். கிணறுகளை எண்ணினார்கள், நீரில் ஆர்சனிக் உண்டா என்று பார்க்கவில்லை. அன்றைய வழக்கமான சோதனைகளில் அது சேரவில்லை என்பது பின்னர் வந்த சமாதானம். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வரம்பு குறித்தது 1958இல். அளவுகோல் இருந்தது, அளக்கத்தான் ஆளில்லை.

எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில், அதே கங்கைச் சமவெளியில், கிணற்று நீரால் தோல்நோய் உற்றோரைக் கல்கத்தா மருத்துவர்கள் 1983இலேயே கண்டனர். அப்பால் அந்நஞ்சு உறுதியானது 1993இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் கிணறுகள் பெருகிக்கொண்டே இருந்தன. ஆபத்துக்கு உள்ளானோர் 3.5 கோடி முதல் 7.7 கோடி வரை இருக்கலாம் என்று 2000இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. உள்ளங்கை காய்த்துத் தடித்த பெண்களைத் தொழுநோயாளிகள் என்று எண்ணி ஒதுக்கிய குடும்பங்கள் உண்டு.

பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டு நிலத்தடி நீரை ஆராய்ந்து 1992இல் அறிக்கை தந்தது. அதிலும் ஆர்சனிக் சோதிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபை வரை சென்று 2006இல் தள்ளுபடியாயிற்று. அறிக்கை எழுதியோருக்கும் நீரைக் குடித்தோருக்கும் இடையே சட்டம் ஏற்கும் அளவுக்கு நெருங்கிய தொடர்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உதவித் திட்டங்களின் நோயை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை. கொடுப்பவர் தமக்குப் பணம் தந்தவருக்குக் கணக்குக் காட்டுகிறார். பெறுபவருக்கு அவர் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை.

அப்படியாயின் அயலார் பணமே வேண்டாம் என்பாரும் உளர். அவர்களுக்கும் விடை வங்காளதேசத்திலேயே இருக்கிறது. 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் அந்நாட்டுத் தொண்டு நிறுவனம், அயல்நாட்டு நிதியைக் கொண்டே, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளரை அனுப்பியது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர்: வயிற்றுப்போக்குக்கு இக்கரைசலைக் கலக்கத் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். சில வாரங்கள் சென்று வேறொருவர் வந்து சில வீடுகளில் கேட்பார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ, அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம். எழுத்தறியாத ஒரு தாயின் வாய்ச்சொல் சம்பளப் பட்டியலைத் தீர்மானித்தது! தொடக்கத்தில், கற்றோர் பலராயினும் பயன்படுத்தியோர் மிகச் சிலர் என்று தெரியவந்தது. ஏன் என்று விசாரித்தார்கள். பணியாளருக்கே அக்கரைசலில் நம்பிக்கையில்லை. வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவுமில்லை. இரண்டையும் திருத்தினார்கள். வீடுகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்தக் குறை வெளிப்பட்டே இராது.

மக்கள் பங்கேற்பு என்னும் சொல் இன்று எல்லா விண்ணப்பங்களிலும் தாராளமாகத் தூவப்படுகிறது. நம் திருச்சபைச் சமூகப்பணி மையங்களின் விண்ணப்பங்களும் இதற்கு விலக்கல்ல. கூட்டத்துக்கு வந்தோரின் கைரேகை பங்கேற்பு ஆகிவிடுமா? 'இது பயன்படவில்லை' என்று ஒரு பெண் சொன்னால் யாருடைய சம்பளம் குறையும், எந்தத் தவணை நிற்கும்? இதற்கு விடை எழுத அந்தத் தாள்களில் இடமே இல்லை.

நஞ்சு தெரிந்த பின்னர் கிணறுகளைச் சோதித்துச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள். உலக வங்கியும் கடன் தந்தது. ஆர்சனிக் இல்லாத ஆழத்துக்குப் புதிய கிணறுகள் தோண்டப்பட்டன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் சென்று பார்த்தபோது, ஏறத்தாழ 2 கோடி ஏழைகள் இன்னும் அந்நீரையே குடித்துக்கொண்டிருந்தனர். அரசின் புதிய கிணறுகள் பல, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவாளர் வீட்டு முற்றங்களில் இருந்தன.