பாலகனின் பிடிவாதமும் பெற்றோரின் கோலும்





ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின்பு, மும்பை தாராவியில் வசிக்கும் ஒரு சகோதரி தன் இரண்டரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு என்னிடத்தில் வந்தார்கள். "பாஸ்டர், இவனுக்குள் பிடிவாத ஆவி இருக்கிறது. தலையில் கைவைத்து அதைத் துரத்தி ஜெபியுங்கள்" என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். பிள்ளை கேட்டு அழுததினால் கைப்பேசியைப் பீரோவின்மேல் வைத்திருக்கிறார்கள். தாய் குழாயில் தண்ணீர் பிடிக்கச் சென்ற சில நிமிடங்களுக்குள், அவன் வாளியைக் கவிழ்த்து, அதிலிருந்து நாற்காலியின்மேலும், நாற்காலியிலிருந்து தையல் மிஷின்மேலும் ஏறி நின்றுகொண்டிருந்தான். ஓர் அடி தள்ளி எரிகிற அடுப்பு! ஓடிவந்து இறக்கிவிட்டு, "வேண்டாம்" என்றார்கள். அவன் தரையில் விழுந்து புரண்டான். அடித்தார்கள். மறுநாளும் அவன் அதே வாளியைக் கவிழ்த்தான்.

நான் அந்தப் பாலகனின் தலையில் கைவைத்து, அவனை ஆசீர்வதித்து ஜெபித்தேன். ஆனால் எந்த ஆவியையும் துரத்தவில்லை.

அசுத்த ஆவிகளைத் துரத்தும் அதிகாரத்தைக் கர்த்தர் தம்முடைய சபைக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை நாம் விசுவாசிக்கிறோம். ஆனால் பிள்ளையின் வளர்ச்சிக்குப் பிசாசு என்று பெயரிடுவது பகுத்தறிதலின் வரம் அல்ல. ஆசையை அடக்கிக் காத்திருக்கச் செய்கிற மூளையின் முன்பகுதி, இரண்டு வயதில் மிகவும் இளம் நிலையில் இருக்கிறது. அது முழுமையாய் முதிர்ச்சியடைய இருபது வயதுக்கு மேலாகிறது. அவனுடைய விருப்பங்கள் அநேகம். அவைகளைச் சொல்ல அவனிடத்தில் உள்ள வார்த்தைகளோ கொஞ்சம். ஆகவே தன் சரீரம் முழுவதினாலும் பேசுகிறான். அவனுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று நாம் சொன்னால், அதை முதலாவது கேட்கிறவன் அவனே என்பதை மறந்துபோகக்கூடாது.

பிரியமானவர்களே, வேதத்தில் பிடிவாதக்காரர் இல்லையா? யாக்கோபு பிறக்கும்போதே அண்ணனுடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதே கை, யாப்போக்கு ஆற்றங்கரையில், ஆசீர்வாதம் பெறுமளவும் தேவதூதனை விடவில்லை. தேவன் அவனுடைய உறுதியை அழித்துப்போடவில்லை, அதைத் திருப்பிவிட்டார். தானியேலைப் பாருங்கள். சொந்த ஊரைவிட்டு அந்நிய நகரத்தில் வாழ்ந்த வாலிபன் அவன். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தமாட்டேன் என்று தன் இருதயத்தில் தீர்மானித்தான். நம்முடைய பிள்ளைகளும் அந்நிய நகரத்திலேயே வளருகிறார்கள். நாளைக்குச் சிநேகிதர் மதுவை நீட்டும்போது, "மாட்டேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஓர் உறுதி வேண்டும். இன்று அதை அடித்து நொறுக்கிவிட்டால், அன்றைக்கு எங்கே போய்த் தேடுவோம்?

"அப்படியானால் வேதம் சொல்லுகிற பிரம்பு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நீதிமொழிகள் 13:24-இல் பிரம்பு என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெய வார்த்தை 'ஷேபெத்' என்பதாகும். 23-ஆம் சங்கீதத்தில் தாவீதைத் தேற்றுகிற கோலும் அதே வார்த்தைதான். லேவியராகமம் 27:32-இல் மேய்ப்பன் ஆடுகளை எண்ணும் கோலும் அதுவே. நீதிமொழிகள் சிட்சையைப் போதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோல் மேய்ப்பனுடைய கையில் இருக்கவேண்டியது. அவன் அதைக்கொண்டு ஓநாயை விரட்டுகிறான், வழிதப்பினதைத் திருப்புகிறான். ஆட்டுக்குட்டியின் எலும்பை முறிப்பதில்லை.

இதை நான் வெட்கத்தோடே கற்றுக்கொண்டேன். என் மூத்த மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஆராதனை வேளையில் தம்புருவை விட மறுத்துக் கூச்சலிட்டான். அவனை வெளியே கொண்டுபோய் அடித்தேன். அமைதியானான். ஆனால் அதன்பின் பல மாதங்கள், என் காலடிச் சத்தம் கேட்டால் தன் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். அவன் கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் பயப்படவே கற்றுக்கொண்டான். நான் அடித்தது அவனுடைய நன்மைக்காகவும் அல்ல, சபையாருக்கு முன்பாக என் கௌரவத்துக்காகவே. பின்பு கர்த்தரிடத்திலும், அவனிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன்.

அடியாமல் விட்டுவிட்டால் போதுமா? போதாது. தாவீது தன் மகன் அதோனியாவை, 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று ஒருநாளும் கேட்டு வருத்தப்படுத்தினதில்லை என்று 1 இராஜாக்கள் 1:6 சாட்சியிடுகிறது. முடிவிலே அவன் சிங்காசனத்தையே பிடிக்கப் பார்த்தான். அழுகைக்குப் பயந்து கைப்பேசியைக் கொடுக்கிற வீட்டில் ஓர் அதோனியா வளருகிறான்.

ஆகவே அந்தச் சகோதரிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

'வேண்டாம்' என்ற சொல்லைக் குறைவாகப் பயன்படுத்துங்கள், சொன்னால் மாற்றாதிருங்கள். தாய் மறுத்ததைத் தகப்பன் கொடுக்கவேண்டாம். அடுப்பண்டையில் ஏறுகிறவனைத் தூரத்திலிருந்து அதட்டாமல், எழுந்துபோய்த் தூக்கி இறக்குங்கள். மிஷினைப் பீரோவைவிட்டு நகர்த்துங்கள். அவன் புரண்டு அழும்போது பேரம் பேசாமலும் பரிகாசம் பண்ணாமலும் அருகில் அமர்ந்திருங்கள். அழுகை அடங்கினபின்பு அணைத்து, இரண்டு வரி ஜெபம் செய்யுங்கள். வாளியைக் கவிழ்க்கும் அந்தப் புத்திக்கு வேலை கொடுங்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு சிறு சொம்பைக் கையில் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குறைவாயிருந்தால் மிகவும் நல்லது. அந்த வயதில் 11 முதல் 14 மணி நேர உறக்கமும் தேவை. இதில் ஊழியக்காரராகிய எங்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டு ஜெபக்கூட்டத்தை இரவு பத்தரை மணிமட்டும் நடத்திவிட்டு, உறக்கத்துக்கு அழுகிற பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்கிறோம்!

சில மாதங்கள் கழித்து அந்தச் சகோதரியிடம் விசாரித்தேன். "இன்னும் 'மாட்டேன்' என்கிறான், பாஸ்டர். ஆனால் அடிப்பதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் வரும் நேரத்தில் சொம்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நிற்கிறான்" என்று சிரித்தார்கள்.

பிரியமான பெற்றோரே, 'மாட்டேன்' என்று எத்தனைமுறை நாம் தேவனிடத்தில் சொல்லியிருக்கிறோம்! ஆனாலும் அவர் நம்மைத் தள்ளிவிடவில்லை. அந்த நீடிய பொறுமையை உங்கள் பிள்ளை முதன்முதலாய் உங்கள் முகத்தில் காணட்டும்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.