முதுமையின் மறதியை அளப்பது எவ்வாறு?

வயது ஏற ஏற நினைவு தளரும் என்பது யாவரும் அறிந்ததே. எத்தளர்ச்சி இயற்கை, எது நோய் என்று பிரித்தறிவதில்தான் தவறு நேருகிறது. நோயை ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடுவோர் உண்டு. இயல்பான மறதியை நோயென்று அஞ்சுவோரும் உண்டு.

இயல்பான முதுமையில் மூளையின் பருமன் சிறிது சிறிதாகக் குறைகிறது. நெற்றியின் பின்னுள்ள பகுதியும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் இதற்கு அதிகம் உட்படுகின்றன. நரம்பணுக்கள் பெருவாரியாக மடிவதால் அன்று. அவை சுருங்கி, அவற்றின் இணைப்புகள் குறைவதாலேயே பெரும்பாலும் இது நேருகிறது. ஆதலின் சிந்தனை மெதுவாகிறது. பெயர்கள் உடனே நாவில் வருவதில்லை. சொல்வளமும் தொழிலறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன.

மும்பையில் செம்பூரை அடுத்த தேவ்நாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிலையம், 2017-18-ல் நாடு முழுவதிலும் 72,000-க்கு மேற்பட்டோரிடம் முதுமை பற்றிய ஆய்வை நடத்தியது. பத்துச் சொற்களைக் கேட்டு நினைவுகூர்வதும், 100-லிருந்து ஏழேழாகக் கழிப்பதும் அதன் கேள்விகளுள் அடங்கும். அதனைத் தொடர்ந்த மற்றோர் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியருள் 7.4 சதவீதத்தினர்க்கே மறதிநோய் உண்டு என 2023-ல் மதிப்பிடப்பட்டது. எஞ்சிய பெரும்பாலோரின் மறதியை நோயெனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும், மதிப்பெண் ஒன்றையே நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. தாராவியில் இட்லி செய்து விற்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பள்ளியையே கண்டிராத அவர் ஏழேழாகக் கழிக்கத் தடுமாறக்கூடும். ஆனால் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரும் தரவேண்டிய பாக்கியை ஏடின்றியே கூறுவார். மாதுங்காவில் வாழும் ஓய்வுபெற்ற கணக்கரோ, நோய் தொடங்கிய பின்னரும் அக்கழித்தலைப் பிழையின்றிச் செய்துவிடலாம். முன்னவரிடம் இல்லாத நோய் தோன்றும். பின்னவரிடம் உள்ள நோய் மறையும்.

இக்குறையை உணர்ந்தே, ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆராய்ந்த அறிஞர்கள், எழுத்தறியாதார்க்கும் பொருந்தும் ஹிந்தி மனநிலைப் பரிசோதனையை வகுத்து 1995-ல் வெளியிட்டனர். வாக்கியம் எழுதுமாறு கேட்பதற்கு மாறாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு அதில் கேட்கப்படுகிறது. இவ்வழியே சிறந்தது. முதியவரைப் பிறரோடு ஒப்பிடுவதினும், சென்ற ஆண்டு அவரே இருந்த நிலையோடு ஒப்பிடுவது நலம். பழகிய சந்தில் வழி தவறுகிறாரா, நாணயம் எண்ண மறந்தாரா என்று வீட்டாரைக் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறாயின் மருத்துவரிடம் அனுப்புதல் கடமை. காது மந்தம், மனச்சோர்வு, தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை ஆகியவையும் மறதிபோல் தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இளமையில் கல்வியின்மை மறதிநோய்க்கான ஏதுக்களுள் ஒன்று என்று 2024-ல் லான்செட் ஆய்வுக்குழு கூறியது. ஆகவே ஆசிரியர் இன்று கற்பிக்கும் பாடம் அக்குழந்தையின் முதுமைக்கும் உதவுவதாகும். களப்பணியாளரோ, கல்வி வாய்க்காத முதியவரைக் கல்வியின் அளவுகோலால் அளந்து, அவருக்கு நேர்ந்த குறையை இரட்டிப்பாக்காதிருத்தல் வேண்டும்.