எலும்பிலிட்ட உலோகமும் கணிப்பின் சாட்சியும்

முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியுங் கொண்டு பிணித்தலும், தேய்ந்த மூட்டை நீக்கி உலோக மூட்டு அமைத்தலும் இக்கால மருத்துவத்தின் அருஞ்செயல்களாம். கத்தியின்றியே உடலின் உட்புறத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியும் அத்தகையதே. ஆயினும் இவ்விரண்டும் ஓருடலில் எதிர்ப்படுங்கால் ஐயமொன்று எழுகின்றது. உள்ளே உலோகம் தாங்கிய ஒருவர் அக்காந்தத்தினுள் அச்சமின்றிப் புகலாமோ?

காந்தம் உலோகத்தைப் பிடுங்கி இழுத்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். எலும்பில் இடப்பெறும் டைட்டானியமும், கோபால்ட்-குரோமியமும், மருத்துவத்திற்குரிய துருவேறா எஃகும் காந்தத்தாற் பெரிதும் ஈர்க்கப்படுவன அல்ல. கருதத்தக்க இடர் வெப்பமேயாம். படம் எடுக்கும்பொழுது கருவி வானொலி அலைகளை உடலிற் செலுத்துகின்றது. நீண்ட உலோகக்கோல் அவற்றை ஏரியல்போல் ஏற்க, அதன் முனைகளை அடுத்த தசை சூடேறும். கோலின் நீளம் தசையினுள் அவ்வலைக்குள்ள நீளத்தில் ஏறக்குறையப் பாதியாயின் அச்சூடு மிகும். 1.5 டெஸ்லா கருவியின் அலை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லா கருவியின் அலை 128. ஆதலின், வலிய காந்தத்திற் குறைவாகச் சூடேறும் ஆணி மெலிய காந்தத்தில் மிகுதியாகச் சூடேறவுங் கூடும்.

ஊகம் பிழைபடும் இவ்விடத்தே கணக்குத் துணைபுரிகின்றது. 1865-இல் மாக்ஸ்வெல் வெளியிட்ட மின்காந்தச் சமன்பாடுகளையும், குருதியோட்டம் வெப்பத்தை மாற்றும் வகையைக் குறித்து 1948-இல் பென்னெஸ் வகுத்த சமன்பாட்டையும் கணினி தீர்க்கின்றது. அதற்கு உடலும் வேண்டுமன்றோ? 2010-இல் வெளிவந்த ‘விர்ச்சுவல் ஃபேமிலி’ என்னும் கணித உடல்கள் நான்கு: 34 அகவை ஆடவர், 26 அகவைப் பெண், 11 அகவைச் சிறுமி, 6 அகவைச் சிறுவன். உயிருள்ள தொண்டர்களை எம்.ஆர்.ஐ. கொண்டு படமெடுத்தே இவை ஆக்கப்பெற்றன. பல அளவினவாகிய தகடுகளையும் ஆணிகளையும் இவ்வுடல்களிற் பொருத்தி, எது மிகச் சூடேறும் என்று எவர்க்குந் தீங்கின்றி ஆராயலாம். மெய்யான மனிதரின் எலும்பருகே வெப்பமானி செருகிச் சோதித்தல் அறமாகுமோ?

ஆகவே இம்முறையை நாம் மனமுவந்து வரவேற்கின்றோம். ஆயினும் ஒரு சாட்சியை மட்டுங் கொண்டு தீர்ப்பளித்தல் கூடாதென்பது மோசேயின் நியாயப்பிரமாணம். கணக்கு ஒரு சாட்சி. தசையை ஒத்த மின்கடத்தும் கூழில் உலோகத்தை வைத்து அளந்தறியும் வெப்பம் மற்றொரு சாட்சி. இரண்டும் ஒத்து நின்றாலன்றி முடிபு கொள்ளற்க. மேலும் நால்வர் உடல் மன்பதை முழுமைக்கும் அளவாகாது. பருத்தவரும், முதியவரும், கூனுற்றவரும், காலிழந்தவரும் அக்கணக்கினுள் இடம்பெறல் வேண்டும்.

இனி, முடிபின் சொல்வடிவைக் காண்போம். எம்.ஆர்.ஐ. அறைக்குட் செல்லும் பொருள்களைப் பாதுகாப்பானவை, நிபந்தனைக்குட்பட்டவை, தகாதவை என மூவகைப்படுத்துவர். உலோகம் எதுவும் முதல்வகையிற் சேராது. எலும்பிலிடுவனவற்றுட் சோதனையில் தேறியவை இரண்டாம் வகையினவே. இன்ன காந்தமாயின், உடலின் கிலோகிராமுக்கு 2 வாட் ஆற்றலைக் கடவாதாயின், இத்துணை நேரமாயின் தீங்கில்லை என்பதே அதன் பொருள். இலக்கணம் பயில்வோர் இதனைச் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சமாகக் கண்டுகொள்வர். எச்சத்தை விடுத்து முற்றை மட்டும் பற்றுதல் பெரும்பிழை. ‘தீங்கில்லை’ என்பதை மட்டும் பற்றுவோர் பிணியாளரைச் சுடுவர். ‘உலோகம் உண்டு’ என்பதொன்றையே பற்றி வாயிலடைப்போர், புற்றோ தண்டுவட நோயோ காலத்தே வெளிப்படாதபடி செய்வர். இரண்டும் கொடுமையே.

ஆதலின் அறுவை முடிந்து இல்லந் திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், தம் உடலிலுள்ள உலோகத்தின் பெயரும் அதற்குரிய நிபந்தனையும் அவரவர் தாய்மொழியில் எழுதிய சீட்டொன்று இருத்தல் வேண்டும். நுண்ணிய கணக்கால் அறிஞர் கண்ட உண்மை, அவ்வுலோகத்தைத் தாங்கி நடப்பவர்க்கு விளங்காதாயின் அதனாற் பயன் என்னை?