ஒரு வீடு, ஒரு சைக்கிள், மூன்று ஸ்ப்ரிங்

முழுப் பரீட்சை முடிந்த கையோடு சைக்கிள் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. பையன் நேராகப் போய் நிற்பது ஒரே வகை சைக்கிள் முன்னால்தான். முன்பக்கம் இரண்டு ஸ்ப்ரிங், சீட்டுக்கு அடியில் சிவப்பிலோ மஞ்சளிலோ தடியாக இன்னொரு ஸ்ப்ரிங், டிராக்டருக்கு மாட்டலாம் போல டயர். அப்பா விலையைப் பார்த்துத் தயங்குகிறார். கடைக்காரர் சீட்டைப் பிடித்து ஓங்கி ஓர் அமுக்கு அமுக்குகிறார். சைக்கிள் குனிந்து நிமிர்கிறது. "பாத்தீங்களா சார், டபுள் ஷாக்! நம்ம ஊர் ரோட்டுக்கு இதான் சார் கரெக்ட்." பில் போட்டாயிற்று.

அந்த ஓர் அமுக்கில் எத்தனை பொய் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில், யாரைத் திட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு சைக்கிள் இருந்து, ஐந்தாவதாக விளையாட்டுக்கு ஒன்று வாங்குகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. வீட்டுக்கே ஒரே ஒரு சைக்கிள். ஸ்கூல், டியூஷன், ரேஷன் கடை, மாவு மில், அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப் எல்லாம் அதில்தான் என்கிற வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அந்த ஒரே சைக்கிளாக டபுள் ஷாக்கைத் தேர்ந்தெடுப்பதைத்தான் சொல்கிறேன். அது முட்டாள்தனம். விற்பது அதைவிட மோசம்.

மலை சைக்கிளின் பிறந்தகம் கலிஃபோர்னியாவில் மரின் என்கிற கவுண்ட்டி. அங்கே மவுண்ட் டமல்பைஸ் என்று ஒரு மலை. (பெயரில் தமிழ் ஒலித்தாலும் நமக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.) 1970களில் அந்த வட்டாரத்துப் பையன்கள் 1930, 40களில் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, மலைப்பாதையில் கீழே விட்டார்கள். 1976ல் அதையே பந்தயமாக்கினார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்து பிரேக் ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ், டாம் ரிட்சி என்று பின்னால் பெரிய பெயர் எடுத்தவர்கள் எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

இதில் கவனிக்கவேண்டிய சமாசாரம், அந்த சைக்கிள்களின் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஸ்ப்ரிங்கே கிடையாது. தடித்த டயர், அவ்வளவுதான். ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முதல் முன் ஃபோர்க் வந்தது 1989ல். பின் சக்கரத்துக்கும் ஸ்ப்ரிங் என்பது பரவலானது அதற்கப்புறம்தான். அப்போதும் எல்லாரும் அதற்குத் தாவிவிடவில்லை. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் இரண்டு ஒலிம்பிக்கிலும் மலை சைக்கிளில் தங்கம் வாங்கிய பிரான்ஸ்காரர் ஜூலியன் அப்சலான், பின்னால் ஸ்ப்ரிங் இல்லாத சைக்கிளில்தான் ஜெயித்தார். ஒலிம்பிக்கில் காட்டுப்பாதையில் ஓட்டியவருக்கே தேவைப்படாத பின் ஸ்ப்ரிங், மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு டியூஷன் போகிற ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தேவையாம்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு என்பீர்கள். கெடுகிறது.

ஆபீஸ் கதவுகளில் மேலே டோர் குளோசர் பார்த்திருப்பீர்கள். வெறும் ஸ்ப்ரிங் மட்டும் போட்ட கதவு 'படார்' என்று அறையும். குளோசர் போட்ட கதவு சமர்த்தாக, மெதுவாக மூடும். உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டை வழியாக நகர்ந்து ஸ்ப்ரிங்கின் துள்ளலை விழுங்குகிறது. நிஜமான ஷாக் அப்சார்பரில் இந்த இரண்டு வேலையும் உண்டு. தாங்குவது ஸ்ப்ரிங்கோ அடைத்த காற்றோ, அடக்குவது எண்ணெய். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிளில் இருப்பது பெரும்பாலும் முதல் பாதி மட்டும். அதாவது படார் கதவு. குழியில் இறங்கினால் அமுங்கும். ஏறினால் உங்களைத் தூக்கிப் போடும். நிஜமான சரக்கு வேண்டுமென்றால் சைக்கிளின் விலை லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. நல்ல ஷாக் ஒன்றின் விலைக்கே நாம் சொல்லும் சைக்கிள் ஒன்றிரண்டு வாங்கிவிடலாம்.

அடுத்து, ஓட்டுகிறவனின் முழங்கால். ஒவ்வொரு மிதிக்கும் பின் ஸ்ப்ரிங் கொஞ்சம் அமுங்குகிறது. முன்னால் போகவேண்டிய பலத்தில் ஒரு பங்கு சீட்டுக்கடியில் உடற்பயிற்சி செய்து வீணாகிறது. கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது பாருங்கள். பையன் எழுந்து நின்று மிதிப்பான், சைக்கிள் தவளை மாதிரி குனிந்து குனிந்து எழும், நகர்வது மட்டும் அங்குலம் அங்குலமாக. பக்கத்தில் வாட்டர் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் பழைய சைக்கிளில் கடந்து போவார். அந்தப் பழைய சைக்கிளும் கனத்தில் சளைத்ததல்ல, கிட்டத்தட்ட இருபது கிலோ. ஆனால் அந்த இருபது கிலோவில் கேரியர் இருக்கிறது, ஸ்டாண்ட் இருக்கிறது, மட்கார்டு இருக்கிறது, செயின் கவர் இருக்கிறது. இந்த இருபது கிலோவில் ஸ்ப்ரிங்கும் ஸ்டிக்கரும்தான் இருக்கின்றன.

"அதெல்லாம் சரி சார், நம்ம ஊர் ரோடே மலைதானே?" என்று ஒருவர் மடக்கப் பார்ப்பார். டபுள் ஷாக் கட்சியின் ஒரே பலமான வாதம் இது. மெட்ரோவுக்குத் தோண்டினது, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினது, தோண்டினதை மூடுவதற்காகத் தோண்டினது என்று நம் தெருக்களின் லட்சணம் எனக்கும் தெரியும். ஆனால் ஐயா, குழிக்கு மருந்து 1888லேயே கண்டுபிடித்தாயிற்று. பெல்ஃபாஸ்ட்டில் ஜான் டன்லப் என்கிற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் டயரில் கடகடவென்று குதிப்பதைப் பார்த்து, காற்றடைத்த டயர் செய்து மாட்டினார். அதுதான் ஷாக் அப்சார்பர். கொஞ்சம் அகலமான டயரில், அழுத்தினால் லேசாகக் கொடுக்கும் அளவுக்குக் காற்று வைத்தால், நம்மூர்ப் பள்ளங்களில் முக்கால்வாசியை அது விழுங்கிவிடும். மீதியை நம் தாத்தாக்கள் தோல் சீட்டுக்கு அடியில் தடி ஸ்ப்ரிங் வைத்துச் சமாளித்தார்கள். அதற்கும் மேலே பெரிய குழி வந்தால் பெடலில் எழுந்து நிற்கவேண்டியதுதான். மனுஷனுக்கு முழங்காலைவிட நல்ல ஷாக் அப்சார்பரை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் இந்த சைக்கிளில் எதுவெல்லாம் கிடையாது என்பதில் இருக்கிறது. பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுவதால் சாதாரண கேரியரை மாட்ட வழியில்லை. மட்கார்டு என்று பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. மழைக்காலத்தில் சட்டையின் முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். செயின் கவர் இல்லை. பேன்ட் கிழியும், சுடிதார் துப்பட்டா மாட்டும், புடைவை கட்டினவர் ஏறவே முடியாது. டபுள்ஸ் போக முடியாது. குழந்தை சீட் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளே, பின் ஸ்ப்ரிங் உள்ள சைக்கிளில் மாட்டாதீர்கள் என்று பல மாடல்களில் எழுதித்தான் விற்கின்றன. ஆக, வீட்டின் ஒரே சைக்கிளில் அரிசி ஏறாது, தங்கச்சி ஏற மாட்டாள், அம்மா ஏற முடியாது. ஒரே ஒரு பையனுக்கு, ஒரு ஜோடி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போக மட்டும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்று நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் பாரில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. ஒரு கம்பியைப் பார்த்ததும் அதன் உபயோகம் அவர்களுக்குத் தெரிந்தது. படித்த நகரத்து அப்பாக்களுக்கு ஸ்ப்ரிங்கைப் பார்த்தால் பெருமை மட்டும் தெரிகிறது.

அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000களின் தொடக்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விரிந்த திட்டம். அந்த சைக்கிளில் குறை சொல்ல இருக்கிறது. போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளவேண்டும் என்பார்கள். ஆனால் வடிவம் சரியான வடிவம். கேரியர் இருக்கிறது, அது வண்டி. அதைப் 'கவர்மென்ட் சைக்கிள்' என்று கேலி செய்துவிட்டு, இரண்டு வருஷத்தில் பால்கனிக் கொடிக்கம்பமாகப் போகிற டபுள் ஷாக்கை வாங்கித் தருவதற்குத்தான் நம்மில் பலர் கடன் வாங்குகிறோம்.

ஆமாம், பால்கனிதான். மூட்டுக்கு மூட்டு இந்த சைக்கிளில் புஷ் இருக்கிறது. மழைத் தண்ணீரும், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கம் என்றால் கடல் உப்பும் அதற்குள் போகும். ஆறு மாதத்தில் லொடலொட. பஞ்சர் கடை அண்ணனிடம் கொண்டுபோனால் பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார், பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்வார். பின் ஸ்ப்ரிங்கைக் காட்டினால், "இத எங்க வாங்கினியோ அங்கயே எடுத்துட்டுப் போ தம்பி" என்பார். வாங்கின இடத்தில் ஸ்பேர் கிடையாது. மிதித்தால் நகராத, ரிப்பேர் பார்க்க ஆளில்லாத வண்டி எத்தனை நாள் ஓடும்? "சைக்கிள்னாலே கஷ்டம்பா, ஸ்கூட்டி வாங்கிக் குடு" என்று பையன் பதினாறு வயதில் கேட்பான். லைசென்ஸ்கூட இருக்காது. ஒரு மோசமான சைக்கிள் செய்கிற உண்மையான கெடுதல் இதுதான்: சைக்கிளே மோசம் என்று ஒரு பிள்ளையை நம்பவைத்துவிடுகிறது.

நாம்தான் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் பெரிய பல்பொருள் அங்காடிகளில் மலை சைக்கிள் வேஷத்தில் மலிவு சைக்கிள்கள் விற்கிறார்கள். சிலவற்றின் மேலேயே சின்ன எழுத்தில், கரடுமுரடான பாதையில் ஓட்ட அல்ல என்று ஒட்டியிருக்கும். புலி வேஷம் போட்டவன் கழுத்தில் 'கடிக்காது' என்று அட்டை! 2022ல் அங்கே சைக்கிள் மெக்கானிக்குகளே சேர்ந்து, ரிப்பேர் பார்க்க லாயக்கில்லாத இந்த மாதிரி சைக்கிள்களைத் தயாரிப்பதை நிறுத்துங்கள் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். நம்மூர் மெக்கானிக் அண்ணன்கள் கையெழுத்து போடுவதில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறார்கள்.

இனி அந்த இரண்டு லட்ச ரூபாய் கனவான். ஐ.டி. கம்பெனி, ஓ.எம்.ஆர். வாசம், வருஷத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு ஊட்டி. "எனக்கு ஒரே சைக்கிள்தான், அதனால எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஃபுல் சஸ்பென்ஷன்" என்பார். இவருடையது நிஜ சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஸ்ப்ரிங்கைப் பூட்டி வைக்க ஒரு லீவர் உண்டு. ரோட்டில் போகும்போது அதைப் போட்டுவிட வேண்டுமாம். ஸ்ப்ரிங்குக்கு ஒரு விலை, அது ஆடாமலிருக்க ஒரு விலை! சில கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்தில் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கையும் ஷாக்கையும் பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்லியிருக்கும். தினம் ஒரு மணி நேரம் ஆபீசுக்கு ஓட்டினால் வருஷத்துக்கு ஏழு சர்வீஸ். கார்கூட இவ்வளவு கேட்காது. எல்லாவற்றுக்கும் ஆகிற சைக்கிள் வேண்டுமென்றால் முன்னாலும் பின்னாலும் ஸ்ப்ரிங் இல்லாத, அகல டயர் போட்ட, கேரியர் மாட்ட ஓட்டை உள்ள சைக்கிளில் ஊட்டிக்கும் போகலாம், உழவர் சந்தைக்கும் போகலாம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கோத்தகிரியிலோ வால்பாறையிலோ வீடு, வாசலைத் தாண்டினால் பாறையும் வேரும் நிறைந்த எஸ்டேட் இறக்கம், அதில் வேகமாக இறங்குவதுதான் வாழ்க்கையின் இன்பம், கையில் காசும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். அங்கே பின் ஸ்ப்ரிங் சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைக்கிறது, பிரேக் பிடிக்கிறது, முதுகெலும்பைக் காப்பாற்றுகிறது. அதற்காகச் செய்த வண்டி அது.

மற்றவர்கள் கடைக்குப் போனால், கடைக்காரர் சீட்டை அமுக்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். இதில் கேரியர் மாட்டிக் கொடுப்பீர்களா? இந்த ஸ்ப்ரிங் உடைந்தால் ஸ்பேர் வைத்திருக்கிறீர்களா, என்ன விலை? எங்கள் தெரு மெக்கானிக்கால் இதைப் பிரித்துப் பூட்ட முடியுமா? அவர் முகத்திலேயே பதில் வந்துவிடும். பக்கத்திலேயே தூசி படிந்து ஒரு சாதா சைக்கிள் நிற்கும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல பூட்டு, பின்பக்கம் சிவப்பு லைட், ஒரு காற்றடிக்கும் பம்ப் வாங்கிவிடலாம். பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டும்.

சைக்கிள் கம்பெனிகளுக்கும் ஒரு விண்ணப்பம். எத்தனை கியர், எத்தனை ஸ்ப்ரிங் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதே அளவு எழுத்தில் இந்த சைக்கிள் எத்தனை கிலோ கனம், எத்தனை கிலோ சுமை தூக்கும் என்பதையும் போடுங்கள்.